எட்டுப் படமும் ஒரு மாமனாரும்

1

இன்று காலை பினாங்கில் ஒரு வெள்ளைக்காரம்மாள் என்னைக் கேட்காமலே என்னைப் படம் பிடித்துவிட்டாள்.

அந்த நேரத்தில் நான் செய்துகொண்டிருந்தது ஊருக்குச் சொல்லிக்கொள்ளும்படியான காரியம் அல்ல. நான் வேலை பார்க்கும் கிடங்கின் வாசலில் நின்று, கடைவாய்ப் பல்லில் மாட்டிக்கொண்ட தேங்காய்த் துருவலை நாக்கால் நெம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கண் மூடியிருந்தது. வாய் ஒரு பக்கக் காதை நோக்கிப் போயிருந்தது. மூன்று மாதமாக வீட்டில் மனைவியும் மகளும் இல்லாததால் காலைப் பலகாரம் தெருவோரம்தான். தேங்காயோடு மல்லுக்கட்டுவதும் தெருவோரம்தான். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், தொப்பி வைத்த அம்மாள் ஒருத்தி காமிராவை மூடிக்கொண்டிருக்கிறாள்.

"மேடம், ஸ்டாப்!" என்று கத்தினேன். பயந்துபோய் நின்றுவிட்டாள். நான் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரினேன். கழுத்துப் பொத்தானைப் போட்டேன். கைக்கடிகாரம் தெரியும்படி சட்டைக் கையை மேலே தள்ளினேன். இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து, "நவ்" என்றேன்.

அவள் "நோ, நோ, நேச்சுரல்!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் அதே நிலையில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன், ஒருவேளை மனம் மாறித் திரும்பி வருவாளோ என்று. எங்கள் கிடங்கின் சீனக் கணக்கர் வெளியே வந்து, இன்று கொடி ஏற்றுகிறார்களா என்று கேட்டார்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். இங்கே வந்து பத்து வருஷமாகிறது. மலாய் பேசுகிறேன், சீனக் கடையில் குச்சியால் நூடுல்ஸ் சாப்பிடுகிறேன். ஆனாலும் காமிராவைக் கண்டால் நான் சென்னை ராயபுரம் கல்மண்டபத்து ஆள்தான். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், போன வருஷம் இதே நான்தான் ஒரு மனிதரை அவருக்குத் தெரியாமல் படம் பிடிக்கக் கடல் தாண்டிப் போனேன். மத்தியானம் தபாலில் ஓர் உறையும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

2

என் மனைவி தனத்தின் அப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். கப்பலிலிருந்து மூட்டைகளைத் தூக்கி இறக்கும் யந்திரத்தோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர். அவர் கையெழுத்துகூட அப்படித்தான், ஒவ்வொரு எழுத்தும் கொக்கி போட்டுத் தூக்கி வைத்ததுபோல் இருக்கும். மாதம் ஒரு கடிதம் போடுவார். எல்லாக் கடிதத்திலும் முதல் வரி 'நலம், நலமறிய அவா'. மிச்சமெல்லாம் மீன். காலையில் காசிமேடுவரை நடந்து போனது, சங்கரா வாங்கியது, கண் சரியில்லாத மீனைத் தலையில் கட்டப் பார்த்தவளோடு சண்டை போட்டது, நெத்திலியை யாருக்குக் கொடுத்தது.

ஒரு நாள் தனம் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாங்க, ஒரு வருஷமா நைனா லெட்டர்ல மீனே இல்ல" என்றாள்.

"விலை ஏறியிருக்கும்."

"வெலை ஏறுனா அதுக்கு ரெண்டு பக்கம் திட்டி எழுதுவாரே. இப்ப நலம் மட்டும்தான் வருது. அவருக்கு இன்னாமோ ஆய்ட்சி. எங்கிட்ட மறைக்கிறாரு."

நேரே போய்ப் பார்க்கலாம் என்றால் தனத்துக்குக் கப்பல் ஆகாது. வந்தபோது ஏழு நாளும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே படுத்துக்கிடந்தாள். கடைசி இரண்டு நாள் கப்பல் டாக்டரே என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இறங்கியதும், இனிச் செத்தாலும் கப்பல் ஏறமாட்டேன் என்று மண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். அது மாமனாருக்கும் தெரியும். நான்தான் எழுதித் தொலைத்தேன்.

எனக்கு லீவு கிடைத்ததும் தனம் சொன்னாள்: "நீங்க போங்க. அவரைக் கேட்டா நலம்னுதான் சொல்லுவாரு. ஸ்டுடியோக்கு இஸ்துகினு போனா கோட்டு மாட்டிகினு நிப்பாரு. அதெல்லாம் வாணாம். அவருக்குத் தெரியாம, ரோட்டுல நடக்கசொல்ல ஒரு படம் புடிச்சிகினு வாங்க. நைனா நடக்கறத நான் பாக்கணும்."

3

என்னிடம் ஒரு பெட்டிக் காமிரா இருந்தது. கறுப்பாக, சின்ன பிஸ்கட் டின் அளவில் இருக்கும். அதைக் கண்ணில் வைத்துப் பார்க்கக்கூடாது. வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேலே இருக்கும் நகத்தளவு கண்ணாடியில் குனிந்து பார்க்க வேண்டும். அதில் உலகம் இடம் வலமாக மாறித் தெரியும். குனிந்தவனுக்கு அந்த நகத்தளவைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

பினாங்குத் தெருக்களில் ஒத்திகை பார்த்தேன். ரிக்ஷாக்காரர், ரொட்டி சுடுகிறவர், சண்டை போடும் இரண்டு சீனக் கிழவிகள், எல்லோரையும் எடுத்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் வேலை அவரவருக்கு. என்னை நானே பெரிய கில்லாடி என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் சரோஜாவுக்கு எட்டு வயது, இங்கேயே பிறந்தவள். "அப்பா, அந்த ஓராங் பார்க்கவே இல்லை, பாகுஸ்!" என்று கைதட்டினாள். ஓராங் என்றால் மலாயில் ஆள், பாகுஸ் என்றால் நன்று. அவள் பேசும் தமிழில் பாதியை இப்படி நான் உங்களுக்குப் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊருக்குக் கொண்டுபோக ஒரே ஒரு பிலிம் சுருள்தான் கிடைத்தது. சென்னையில் அப்போது சுருள் கிடைப்பது குதிரைக்கொம்பு. எட்டுப் படம். மாமனார் ஒருவர்தானே, எட்டு எதற்கு என்று நினைத்தேன்.

4

முதல் படம் கரையிறங்கும்போதே போயிற்று. என் பெட்டிகளைச் சோதித்த அதிகாரி காமிராவைக் கையில் எடுத்து, ஆட்டிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டார்.

"இது இன்னாது?"

"காமிரா சார்."

"படம் எங்கே?"

"இனிமேல்தான் சார் எடுக்கணும்."

"அப்போ இது காமிரான்னு எப்படி நான் எழுதறது?"

நான் பதில் யோசிப்பதற்குள் அவரே நெம்புகோலை அழுத்திவிட்டார். 'டிக்' என்றது. திருப்தியோடு படிவத்தில் 'பெட்டி வடிவக் காமிரா ஒன்று, இயங்குகிறது, திரும்ப எடுத்துச் செல்லத்தக்கது' என்று எழுதி மூன்று முத்திரை குத்தினார். பிற்பாடு கழுவிப் பார்த்ததில், மேஜைக்கால் ஒன்று மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

5

திருவொற்றியூரில் என் அண்ணன் வீட்டில் தங்கினேன். பத்து நாள் லீவு. தினமும் காலையில் கல்மண்டபம் போவேன். மாமனார் தெருவின் முனையிலேயே என் பால்ய தோஸ்து காதரின் வாடகை சைக்கிள் கடை. என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே ஒரு சைக்கிள் மணியை எடுத்து மூன்று தடவை கிணுகிணுவென்று அடிப்பான். அடடா, என்ன பாசம் என்று நானும் கையை ஆட்டுவேன்.

"இன்னா மாமு, பொட்டில இன்னா கீது, பிரியாணியா?" என்றான் முதல் நாள். விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்தான்.

"தெரியாம போட்டோவா? அது எப்டி மாமு? போஸு குடுத்தாத்தான போட்டோ. போஸு குடுக்காதவன் போட்டோல வுழுவானா?"

"விழுவான்டா."

"சொம்மா கதை வுடாத. நானும் ஸ்டுடியோல குந்திகீறேன். 'ஆடாத, அசையாத, ஆடுனா வுழாது'ன்னு அந்தாளு எத்தினி தபா சொன்னான்! நீ சீமைக்குப் போய் வந்தா எங்களுக்கு ஒன்னும் தெரியாதா?"

இது காதரின் சொந்தச் சரக்கு அல்ல. ராயபுரம் முழுவதற்கும் இதுதான் சாஸ்திரம் என்று போகப்போகத் தெரிந்தது.

மாமனார் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சித்திரை வெயிலில் முழங்கால்மேல் கம்பளிப் போர்வை.

"வா மாப்ளே, குந்து. தனம் எப்டி கீறா? கொயந்தை படிக்குதா?"

"நல்லா இருக்காங்க மாமா. போர்வை எதுக்கு?"

"கொசு."

"காசிமேடுவரை ஒரு நடை போய்ட்டு வரலாமா மாமா?"

"அட, காலைலியே ரெண்டு தபா போய்ட்டு வன்ட்டேன் மாப்ளே. கால் ரெஸ்டு கேக்குது."

ஆள் தெம்பாகத்தான் இருந்தார். மீசை முறுக்காக இருந்தது. நான் போகும்போதும் எழுந்திருக்கவில்லை. மாமனார் என்ற கெத்து போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். வெளியே வந்து, அவர் தெருவில் இறங்கட்டும் என்று காமிராவோடு முனையில் காத்திருந்தேன். என் வேலை அங்கேதான் கெட்டது.

எதிர்வீட்டு அன்னம்மா காத்திவாக்கத்திலிருந்து இறால் வாங்கி வந்து விற்கிறவள். மாமனாருக்குச் சோறு போடுகிறவளும் அவள்தான். கூடையை இறக்கிவைத்து ஆளோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். காத்திருக்கும் நேரத்தில் கண்ணாடியைச் சரிபார்க்கலாம் என்று அவள் பக்கம் பெட்டியைத் திருப்பினேன்.

"ஐய, இரு நைனா! இந்தக் கோலத்துலயா?" என்று வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஒரு மணி நேரம் கழித்துக் கல்யாணப் பட்டில் வந்தாள். இறால் கூடையைக் காலால் தூரத் தள்ளினாள். நாற்றம் போட்டோவில் வந்துவிடுமாம். தெருவே என் முதுகுக்குப் பின்னால் கூடிவிட்டது. எடுக்காமல் போனால் பகை. எடுத்தேன்.

அன்றைக்கே கல்மண்டபம் பூராவும் சேதி பரவிவிட்டது. மறுநாள் மரத்தடி நாவிதர். அவர் சவரம் செய்யும்போது எடுக்கலாம் என்று போனால், பாதிச் சவரத்தில் வாடிக்கையாளர் முகம் கழுவ எழுந்து ஓடிவிட்டார். திரும்பி வந்து ஒரு கன்னம் வழவழப்பாக, ஒரு கன்னம் தாடியாக மூச்சுப் பிடித்து நின்றார். நாவிதர் கத்தியை வாள்போல் தூக்கிப் பிடித்தார். அதற்கடுத்த நாள் ஒரு மாட்டுவண்டிக்காரர். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, என்னை ஒன்றரை மணி நேரம் வெயிலில் காயவைத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் குனிந்ததும் அந்த மாடுகூடத் தலையை நிமிர்த்தி நின்றது.

ஐந்தாவது படம் காதர் கேட்டு வாங்கியது. "சைக்கிளை ஓட்டிக்கிட்டே வாடா, நல்லா இருக்கும்" என்றேன். கேட்கவில்லை. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, மேலே ஏறி, காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறவன்போல் முன்னால் சாய்ந்து, அசையாமல் இருந்தான். ஆறாவது, துறைமுக ரோட்டுப் பக்கம் காமிராவோடு திரியலாமா என்று என்னை விசாரிக்க வந்த போலீஸ்காரர். என் பெயர், அப்பா பெயர், கப்பல் பெயர் எல்லாம் எழுதிக்கொண்டார். பென்சிலைக் காதில் செருகினார். "சரி, நான் எங்க நிக்கணும்?" என்றார்.

ஏழாவதுக்கு நான் பதுங்கினேன். காதர் கடையில் பழைய டயர்க் குவியலுக்குப் பின்னால், தார்ப்பாயைத் தலையோடு போர்த்துக்கொண்டு, பெட்டியின் கண்ணை மட்டும் வெளியே விட்டு மாமனார் வீட்டுக் கதவைக் குறிவைத்தேன். வியர்வையில் ஊறிப்போனேன். கடைசியில் கதவு மெதுவாகத் திறந்தது. அதே நொடியில் காதர் மணியை மூன்று தடவை அடித்தான். கதவு மூடிக்கொண்டது. என் விரல் அழுத்திவிட்டது.

"எதுக்குடா மணி அடிச்சே?"

"கை பட்ட்சி மாமு."

இவ்வளவுக்கும் அப்புறமும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. தார்ப்பாய்க்குள் இருந்தவனுக்கு மூளையும் வெந்திருக்கும்.

கடைசி நாள் ஒரு படம்தான் மிச்சம். விடைபெறப் போனபோது மாமனார் கோட்டு மாட்டி, மீசையில் எண்ணெய் தடவி, நாற்காலியில் தயாராக இருந்தார்.

"ஊருக்கே எடுத்துகீறியே மாப்ளே, என்னை ஒன்னு எடு. தனத்துக்குக் குடு. நைனா நல்லா கீறாருன்னு சொல்லு."

எடுத்தேன். ராஜா மாதிரி இருந்தார். தனம் வீணாகக் கவலைப்படுகிறாள் என்றே எண்ணிக்கொண்டு கப்பல் ஏறினேன்.

6

பினாங்கில் படங்கள் கழுவி வந்ததும் தனம் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு எட்டாவதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நைனா எப்பவும் நின்னுகினுதான் படம் எடுத்துக்குவாரு" என்றாள். நான் நடக்கிற படம் ஒன்றுகூடக் கொண்டுவரவில்லையே என்று குற்றவாளிபோல் நின்றேன்.

சரோஜா தரையில் படுத்து மற்றப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தாத்தாவை அவள் கண்டதே இல்லை.

"அம்மா, நாற்காலியில இருக்கற ஓராங் ஏன் எல்லாப் படத்திலயும் ஒளிஞ்சி நிக்கறாரு?"

தனம் பிடுங்கிப் பார்த்தாள். நானும் குனிந்தேன். அன்னம்மாவின் பட்டுத் தோளுக்குப் பின்னால், தெருக்கோடி விளக்குக் கம்பத்தை ஒட்டி ஒரு மீசை. நாவிதர் கத்திக்கு அப்பால், தண்ணீர்க் குழாயருகே அதே மீசை. மாட்டுக் கொம்புகளுக்கு நடுவில். காதர் பறக்காமல் பறந்த சைக்கிளின் பின்சக்கரத்துக்கு நேர் பின்னே. போலீஸ்காரரின் முழங்கைக்குக் கீழே. ஐந்திலும் கையில் ஒரு தடி, இடது கால் கட்டைபோல் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. ஏழாவது படத்தில் ஆள் இல்லை. மூடிய கதவின் அடியில் சிக்கிக்கொண்டு அந்தத் தடியின் நுனி மட்டும் இருந்தது.

வேடிக்கை பார்த்த கூட்டமெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நின்றது. என் கண்ணில் படக்கூடாது என்று அவர் மட்டும் எதிர்ப்பக்கம் நின்றிருக்கிறார். போஸ் கொடுக்காதவன் போட்டோவில் விழமாட்டான் என்று காதர் அவருக்கும் உறுதி சொல்லியிருந்தானாம். மணி அடிப்பதும் அவர்கள் இருவரும் பேசிவைத்ததுதானாம். பிறகு கடிதத்தில் எல்லாம் கக்கினான். மாமனார் கப்பல் தட்டில் வழுக்கி விழுந்து முழங்கால் போய் ஒன்றரை வருஷம். தனத்துக்குத் தெரிந்தால் கப்பல் ஏறிவிடுவாள், ஏறினால் செத்துவிடுவாள் என்று தெரு முழுவதிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"அவரு போட்டோக்கு நிக்கறவங்களைப் பாக்கல" என்றாள் தனம். "காமிராவையும் பாக்கல. உங்களைப் பாத்துகினு கீறாரு."

உண்மைதான். ஐந்து படத்திலும் அந்தப் பார்வை பெட்டிக்கு ஒரு முழம் மேலே, குனிந்திருந்த என் தலையில் இருந்தது. மகளைப் பார்க்க வழியில்லாத மனிதர், அவள் வீட்டிலிருந்து வந்த ஆளையாவது பார்ப்போம் என்று அந்தக் காலை இழுத்துக்கொண்டு தினமும் என் பின்னாலேயே வந்திருக்கிறார். நான் நகத்தளவு கண்ணாடியில் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. சரோஜா பயந்துபோய் அந்த ஓராங் கெட்டவரா என்று கேட்டாள்.

தனம் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"ஏழு நாளைக்கு எத்தினி எலுமிச்சம்பழம் வோணும்?" என்று கேட்டாள்.

7

பாஸ்போர்ட்டுக்கு மாதக்கணக்கில் அலைந்தோம். தனத்தின் பெயரை மூன்று அலுவலகத்தில் மூன்று விதமாக எழுதினார்கள். கடைசியில் தாயும் மகளும் ஒரு கூடை எலுமிச்சம்பழத்தோடு கப்பல் ஏறினார்கள். பெட்டிக் காமிராவையும் கொடுத்து, சாதாரணமாக இருக்கும்போது நாலு படம் எடுத்து அனுப்பு என்று படித்துப்படித்துச் சொன்னேன். போய்ச் சேர்ந்தபின் வந்த சேதிகள்: தனம் உயிரோடு இறங்கினாள். சரோஜா இப்போது காதரை 'இன்னா மாமு' என்று கூப்பிடுகிறாள். போஸ் கொடுக்காமலும் விழலாம் என்று படத்தைக் கண்ணால் பார்த்த நாளிலிருந்து காதர் தெருவில் தலை வாராமல் நடமாடுவதில்லை.

இன்று வந்த உறையில் ஒரே ஒரு படம். சாதாரணமாக எடுத்தது அல்ல. ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் அன்னமும் பாலமும் வரைந்த திரை, பக்கத்தில் காகிதப் பூ வைத்த ஜாடி. தனம் பட்டுப் புடவையில் விறைப்பாக இருக்கிறாள். சரோஜா மூச்சைப் பிடித்துக் கன்னத்தை உப்பவைத்திருக்கிறாள். நடுவில் மாமனார், கோட்டும் கடிகாரமுமாக நின்றுகொண்டிருக்கிறார். தடிக்கு எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்து, நெஞ்சுக்கு நேரே ஊன்றி, இரண்டு கையையும் அதன்மேல் வைத்திருக்கிறார். மடங்காத காலை எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் நீட்டியிருக்கிறார்.

திருப்பிப் பார்த்தேன். கொக்கி போட்டுத் தூக்கிவைத்த எழுத்தில் நாலு வரி.

'இடது கால் மடங்காது. மற்றபடி நலம். நேற்று தனத்தோடு நடந்துபோய் சங்கரா வாங்கினேன். மீன் கண் சரியில்லை, சண்டை போட்டேன்.'